கடல் நீரும் கரிமூட்டமும்

குமாரலிங்கபுரம் என்னும் எங்கள் ஊரை நேயர்களுள் பலர் அறிந்திருக்க வழியில்லை. அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்துக் கரிசல் காட்டில் அமைந்த சிற்றூர்களுள் அதுவும் ஒன்று. வானம் பார்த்த பூமி. ஐப்பசி கார்த்திகையில் மழை பெய்தால் பருத்தியும் கம்பும் மிளகாயும் உண்டு. பெய்யாவிட்டால் சீமைக் கருவேலம் உண்டு. அம்மரத்தை வெட்டி, அடுக்கி, மண் பூசி, மூட்டம் போட்டுக் கரியாக்கி விற்பது இப்பகுதியில் பல குடும்பங்களுக்குப் பிழைப்பு. நான் இவ்வட்டாரத்தில் முப்பத்துநான்கு ஆண்டுகள் பள்ளிப் பிள்ளைகளுக்கு அறிவியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். இன்று பேச வந்திருப்பதோ அணுக்கரு இணைவைப் பற்றி. கரிமூட்டத்தைப் பற்றித் தொடங்கி அணுக்கருவுக்குத் தாவுகிறானே என்று நேயர்கள் எண்ணக்கூடும். அந்தத் தாவலுக்கு நான் பொறுப்பல்லன். என் பழைய மாணவர் ஒருவரே பொறுப்பு.

சென்ற மாசி மாதத்தில் ஒரு நாள் மாலை கண்மாய்க் கரை வழியே நடந்து வந்துகொண்டிருந்தேன். மாணவர் தம் மூட்டத்தின் அருகே கையில் மண் வெட்டியோடு நின்றார். மூட்டம் எரியும்போது அதை விட்டு அகல முடியாது என்பது கரி போடுபவர்க்குத் தெரியும். மேலே பூசிய மண் எங்கேனும் வெடித்தால் காற்று உள்ளே புகும். புகுந்தால் விறகு கரியாகாது, சாம்பலாகிவிடும். ஆகவே இரவும் பகலும் வெடிப்பைத் தேடித் தேடி அடைத்துக்கொண்டிருக்க வேண்டும். அவர் என்னைக் கண்டதும் தோளில் கிடந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டார். சற்று நேரம் மழையைப் பற்றியும் பருத்தி விலையைப் பற்றியும் பேசினோம். பிறகு சிரித்துக்கொண்டே கேட்டார்: "சார், பத்தாம் வகுப்பிலே தூத்துக்குடிக் கடல் தண்ணீர் ஒரு குடத்துக்குக் கணக்குப் போட்டுக் காட்டினீர்களே, அந்தக் கரண்டு என்ன ஆயிற்று?"

எனக்கு உடனே நினைவு வந்தது. அது 1986ஆம் ஆண்டு. கரும்பலகையில் நான் போட்ட கணக்கு இது: ஒரு கன மீட்டர் கடல் நீரில் ஏறத்தாழ 33 கிராம் டியூட்டீரியம் உண்டு. ஹைட்ரஜனின் எடை மிக்க உடன்பிறப்பே டியூட்டீரியம். நம் வீட்டுக் குடம் பதினைந்து லிட்டர் கொள்ளுமானால் அதில் அரைக் கிராம் இருக்கும். அந்த அரைக் கிராமை உரிய துணைப் பொருளோடு இணைத்து முழுவதும் ஆற்றலாக்க முடிந்தால், ஒரு லட்சம் யூனிட்டுக்கு மேற்பட்ட வெப்பம் கிடைக்கும். கணக்கில் பிழை இல்லை. இன்றும் அது சரியே. பிழை அதற்கு அடுத்து நான் சொன்ன வாக்கியத்தில் இருந்தது. "இன்னும் இருபது ஆண்டுகளில், உங்களுக்கு முப்பத்தைந்து வயது ஆகும்போது, இம்மின்சாரம் நம் ஊர்க் கிணற்று மோட்டாரை ஓட்டும்" என்று சொன்னேன். அம்மாணவருக்கு இப்போது வயது ஐம்பத்தைந்து.

நான் பதில் சொல்லத் தயங்கினேன். அவர் கேலிக்காகக் கேட்கவில்லை என்பது அடுத்த பேச்சில் தெரிந்தது. அவருடைய இளைய மகள் மதுரையில் பௌதிகம் படித்துப் பட்டம் பெறும் நிலையில் இருக்கிறாள். மேற்படிப்பு முடித்து, இந்த இணைவு ஆராய்ச்சியிலேயே இறங்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறாளாம். அப்பிடிவாதத்துக்கு வித்து, சிறு வயதில் தகப்பனார் அவளுக்குச் சொன்ன ஒரு குடம் கடல் நீர்க் கதை. "நான் காத்திருந்தேன், சார். எனக்கு அதனால் ஒன்றும் நட்டமில்லை. அவள் காத்திருக்கலாமா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்" என்றார்.

இரண்டு வாரம் தவணை கேட்டு வீடு திரும்பினேன். அந்த இரண்டு வாரங்களில் நான் படித்தவற்றையும் எண்ணியவற்றையுமே இங்கே சொல்லப் போகிறேன்.

முதலில், "இருபது ஆண்டு" என்னும் அந்தச் சொல் எங்கிருந்து என் வாய்க்கு வந்தது என்று தேடிப் பார்த்தேன். 1955ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ஜெனீவா நகரில் அணுசக்தியின் ஆக்கப் பயன்களைப் பற்றிய உலக மாநாடு கூடியது. அதற்குத் தலைமை வகித்தவர் நம் நாட்டு ஹோமி பாபா. இணைவு ஆற்றலைக் கட்டுப்பாட்டோடு வெளிப்படுத்தும் வழி இன்னும் இருபது ஆண்டுகளுக்குள் காணப்படும் என்று அம்மேடையில் அவர் துணிந்து கூறினார். வல்லரசுகள் இத்துறையை மூடுமந்திரமாக வைத்திருந்த காலம் அது. ஓர் ஏழை நாட்டு அறிஞர் அதை வெளிப்படையாகப் பேசியதே பெரிய செய்தியாயிற்று. அவர் குறித்த கெடு 1975இல் முடிந்துவிட்டது. நானோ 1986இல், பழைய கெடு தீர்ந்து பதினோர் ஆண்டுகள் ஆன பின்னர், புதிதாக இருபது ஆண்டுகளை என் மாணவர்களுக்கு வழங்கியிருக்கிறேன்! பாபாவின் கூற்று ஓர் ஆய்வாளரின் துணிவு. என்னுடையது படித்ததைச் சரிபாராத ஆசிரியரின் சோம்பல். இரண்டையும் ஒன்றாக வைக்கலாகாது.

வாக்குத் தவறியவன் நான் ஒருவன் மட்டுமல்லன் என்பதில் சிறிது ஆறுதல் உண்டு. 1958ஆம் ஆண்டு சனவரியில் பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் தங்கள் 'சீட்டா' என்னும் கருவியில் இணைவு நிகழ்ந்துவிட்டதாக உலகறிய அறிவித்தார்கள். சில மாதங்களில் அவ்வறிவிப்பைத் திரும்பப் பெற நேர்ந்தது. அவர்கள் கண்ட நியூட்ரான்கள் வேறு காரணத்தால் தோன்றியவை. இத்துறையின் வரலாறு நெடுக இப்படிப்பட்ட ஏமாற்றங்கள் கிடக்கின்றன. ஆனால் ஒவ்வோர் ஏமாற்றத்தின் பின்னும் அடுப்பு சற்றுக் கூடுதலாகச் சூடேறியிருக்கிறது என்பதையும் மறைக்கக்கூடாது.

சூரியன் ஒளிர்வது ஏன் என்ற கேள்விக்கு நூறாண்டுகளுக்கு முன்புகூட ஒருவருக்கும் உறுதியான விடை தெரியாது. 1920இல் ஆங்கில வானியலார் எடிங்டன், ஹைட்ரஜன் அணுக்கள் இணைந்து ஹீலியமாவதே விண்மீன்களின் ஆற்றலுக்கு ஊற்றாகலாம் என்றார். அதே ஆண்டில் நம் மேகநாத சாகா, கடும் வெப்பத்தில் அணுக்கள் தம் எலக்ட்ரான்களை இழந்து மின்னூட்டம் பெறும் முறைக்குச் சமன்பாடு வகுத்தார். அவ்வாறு அணுக்கள் சிதைந்து மின்னூட்டமுற்ற வாயுவைத்தான் இன்று பிளாஸ்மா என்கிறோம். சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற நம் சந்திரசேகரும் விண்மீன்களின் உள்ளமைப்பை ஆராய்ந்து பெரும்புகழ் பெற்றபின் சிக்காகோவில் பிளாஸ்மா இயற்பியலைப் பாடமாகவே கற்பித்தார். ஆக, இந்த அடுப்பின் தத்துவம் நமக்கு அன்னியமானதன்று.

சூரியனின் நடுவில் நொடிதோறும் ஏறக்குறைய 60 கோடி டன் ஹைட்ரஜன் ஹீலியமாக மாறுகிறது. அதில் 40 லட்சம் டன் எடை ஆற்றலாகிப் போய்விடுகிறது. இதைக் கேட்டவுடன் சூரியனின் வயிறு ஒரு பெரும் வெடிகுண்டு போல் இருக்கும் என்று நினைப்போம். உண்மை நம்மை வியக்க வைக்கிறது. அதன் மையத்திலிருந்து ஒரு கன மீட்டர் அளவுப் பகுதியை எடுத்துக்கொண்டால், அது தோற்றுவிக்கும் வெப்பம் சில நூறு வாட்டுகளே. நம் வீட்டுக் கொல்லையில் குப்பையும் சாணமும் மக்கும் எருக்குழி தரும் வெப்பமும் ஏறத்தாழ அந்த அளவுதான். சூரியன் பெரிது, ஆதலால் பெரிதாகச் சுடுகிறது. அவ்வளவே.

இந்த ஓர் உண்மையை 1986இல் நான் மாணவர்களுக்குச் சொல்லியிருந்தால் அவர்கள் என்னை அப்போதே மடக்கியிருப்பார்கள். எருக்குழி போலக் கனியும் சூரியனைப் பூமியில் அப்படியே செய்து வைத்தால் ஒரு மோட்டாரும் ஓடாது. சூரியனை விடப் பன்மடங்கு விரைவாக எரியும் அடுப்பு நமக்கு வேண்டும். அதற்காகத்தான் சாதாரண ஹைட்ரஜனை விட்டு, எளிதில் இணையும் டியூட்டீரியத்தையும் டிரிட்டியத்தையும் தேர்ந்துகொண்டார்கள். அதற்காகத்தான் சூரிய மையத்தின் வெப்பமான ஒன்றரைக் கோடி டிகிரியைப் போலப் பத்து மடங்கு, அதாவது பதினைந்து கோடி டிகிரி தேவைப்படுகிறது.

பதினைந்து கோடி டிகிரியில் எரிவதை எந்தப் பாத்திரத்தில் வைப்பது? இங்கேதான் எனக்குக் கரிமூட்டம் துணை செய்தது. மூட்டத்துக்கு மூன்று வேண்டும். தீ பற்ற வேண்டும். விறகு நெருக்கமாக அடுக்கப்பட வேண்டும். உள்ளே உள்ள சூடு வெளியே ஓடிவிடாமல் போதிய காலம் மண் போர்வை காக்க வேண்டும். இவற்றுள் ஒன்று குறைந்தால் மற்ற இரண்டும் வீண். இங்கிலாந்தில் லாசன் என்ற பொறியியலறிஞர் 1957இல் வெளியிட்ட கணக்கும் இதையே சொல்கிறது: வெப்பம், நெருக்கம், வெப்பத்தைத் தக்க வைக்கும் காலம் ஆகிய மூன்றும் சேர்ந்து ஓர் எல்லையைத் தாண்டினால்தான் அடுப்பு இட்ட விறகைவிடக் கூடுதலாகத் தரும். ஹைட்ரஜன் குண்டு 1952லேயே வெடித்துவிட்டது. அதில் போர்வை என்ற பேச்சே இல்லை. போர்வையோடு கூடிய அடுப்புக்குத்தான் எழுபதாண்டுகளாகத் திண்டாட்டம்.

மண் போர்வைக்குப் பதிலாக விஞ்ஞானிகள் காந்தப் புலத்தைப் போர்த்துகிறார்கள். மின்னூட்டமுள்ள துகள்கள் காந்தக் கோடுகளைச் சுற்றிச் சுற்றி ஓடுமேயன்றி எளிதில் குறுக்கே போகமாட்டா. உளுந்து வடை வடிவமான ஒரு வெற்றுக் கூட்டுக்குள் பிளாஸ்மாவைச் சுவரில் படாமல் மிதக்கவிடும் இக்கருவியை ருஷியர் 'டோக்கமாக்' என்றனர். 1968இல் மாஸ்கோ நிலையத்தார் தங்கள் கருவி ஒரு கோடி டிகிரியை எட்டியதாகச் சொன்னபோது மேலை நாட்டார் நம்பவில்லை. மறு ஆண்டு ஆங்கிலக் குழுவொன்று தன் லேசர்க் கருவியோடு அங்கே சென்று அளந்து பார்த்தது. ருஷியர் சொன்னது மெய்யாயிற்று. பனிப்போரின் நடுவில் நிகழ்ந்த இந்த ஒத்துழைப்பை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சி உண்டாகும்.

மூட்டத்தோடு ஒப்பிடும்போது ஒரு வேற்றுமையைச் சொல்ல வேண்டும். மூட்டத்தில் போர்வை கிழிந்தால் தீ கட்டுக்கடங்காமல் மூளும். டோக்கமாக்கில் போர்வை கிழிந்தால் பிளாஸ்மா சுவரைத் தொட்டு அக்கணமே குளிர்ந்து அணைந்துவிடும். சுவருக்குச் சேதம் நேரலாம்; ஆனால் ஊரை அழிக்கும் ஓட்டம் அதில் இல்லை. எந்த நேரத்திலும் உள்ளே இருக்கும் எரிபொருள் சில கிராம் அளவே. அதற்காக இதைக் கதிரியக்கமே இல்லாத அடுப்பு என்று சிலர் பாராட்டுவதும் சரியன்று. டிரிட்டியம் கதிரியக்கமுள்ளது, நியூட்ரான்கள் தாக்கிய உலோகமும் கதிரியக்கம் பெறும்.

இனி, நம் நாட்டில் நடந்தது. ஆமதாபாத்தில் 1980களின் தொடக்கத்தில் பிளாஸ்மா ஆராய்ச்சித் திட்டம் ஒன்று தோன்றி, 1986இல் தனி நிறுவனமாயிற்று. பிரதிமன் கௌ என்ற அறிஞர் அதற்கு வழிகாட்டினார். அந்நிறுவனம் காந்திநகருக்கு அருகே பாட் என்னும் இடத்தில் இருக்கிறது. 1986 என்ற ஆண்டைக் கவனியுங்கள். நான் இங்கே கரும்பலகையில் குடக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த அதே ஆண்டில் அங்கே உண்மையான வேலை நடந்துகொண்டிருந்திருக்கிறது. எனக்கு அது தெரியாது. 1989இல் அவர்கள் இயக்கிய டோக்கமாக்குக்கு 'ஆதித்யா' என்று பெயர். அடுத்து, மீக்கடத்திக் காந்தங்களோடு கட்டிய பெரிய கருவியில் 2013ஆம் ஆண்டு சூன் மாதம் முதற் பிளாஸ்மா தோன்றியது. இவ்விரண்டிலும் பிளாஸ்மா நீடித்த காலம் நொடியின் ஒரு பகுதியே என்பதையும் சொல்லிவிடுகிறேன். கருவியைக் கட்டக் கற்றுக்கொண்டோம். தீயை நிலைக்க வைக்க இன்னும் கற்றுக்கொண்டிருக்கிறோம்.

அவ்வாறு கற்றது வீண்போகவில்லை. பிரான்சின் தென்பகுதியில் கடராஷ் என்னுமிடத்தில் பல நாடுகள் கூடி 'ஐட்டர்' என்னும் மிகப் பெரிய டோக்கமாக்கைக் கட்டி வருகின்றன. 2006ஆம் ஆண்டு நவம்பரில் கையெழுத்தான அந்த உடன்படிக்கையில் இந்தியாவும் ஒரு பங்காளி. பதினைந்து கோடி டிகிரிப் பிளாஸ்மாவுக்குச் சில மீட்டர் தொலைவில், சூனியத்துக்குக் கீழ் 269 டிகிரிக் குளிரில் காந்தங்கள் இருக்க வேண்டும். இவையெல்லாவற்றையும் உள்ளடக்கும் வெளிக்கூடு முப்பது மீட்டர் உயரமும் 3,800 டன் எடையும் கொண்டது. அதைச் செய்து தந்தது இந்தியா. சூரத்துக்கு அருகில் ஹசீராவில் லார்சன் அண்டு டூப்ரோ ஆலையில் துண்டு துண்டாகச் செய்து, கப்பலேற்றி, அங்கே கொண்டுபோய் ஒட்டவைத்தார்கள். 1,250 டன் எடையுள்ள அதன் அடிப்பாகம் 2020ஆம் ஆண்டு மே மாதத்தில் குழிக்குள் இறக்கப்பட்டது. அக்குளிர் கூட்டின் படத்தை என் மாணவருக்குக் காட்டியபோது, "மூட்டத்து மேல் மண் நம்ம ஊருது என்று சொல்லுங்கள்" என்றார். என் விளக்கத்தைவிட அது பொருத்தம்.

ஆனால் ஐட்டரின் கெடு என்னுடைய கெடுவைப் போலவே நடந்துகொண்டது. முதலில் 2016 என்றார்கள்; பிறகு 2025 என்றார்கள். 2024இல் வெளியிட்ட புதிய அட்டவணையின்படி ஆராய்ச்சி ஓட்டம் 2034இல் தொடங்கும். டியூட்டீரியமும் டிரிட்டியமும் எரிவது 2039இல். வெப்பக் கவசக் குழாய்களில் வெடிப்புக் கண்டு, பொருத்தியவற்றைக் கழற்றிச் செப்பனிட நேர்ந்தது தாமதத்துக்கு ஒரு காரணம். மேலும், அது மின்சாரம் தரும் நிலையமன்று. 50 மெகாவாட் வெப்பம் செலுத்தி 500 மெகாவாட் வெப்பம் பெறலாம் என்று மெய்ப்பிக்கும் சோதனைக் கூடமே.

அப்படியானால் இதுவரை கண்ட பலன் என்ன? யூனிட் கணக்கிலேயே சொல்கிறேன். நமக்கெல்லாம் பழகிய கணக்கு. இங்கிலாந்தில் கல்ஹாமில் இருந்த 'ஜெட்' என்னும் கருவி 2023ஆம் ஆண்டு அக்டோபரில், ஐந்து நொடிகளில், 69 மெகாஜூல் இணைவு ஆற்றலை வெளிப்படுத்தியது. அது 19 யூனிட்டுக்குச் சமம். எரிந்த பொருளோ ஒரு மில்லிகிராமில் ஐந்திலொரு பங்கு. அதே அளவு வெப்பத்துக்கு இரண்டு கிலோ நிலக்கரி எரிக்க வேண்டும். அந்த வெற்றியோடு, அவ்வாண்டு இறுதியில் நாற்பதாண்டு உழைத்த ஜெட் ஓய்வு பெற்றது. அமெரிக்காவில் கலிபோர்னியாவில் வேறொரு முறை. அங்கே போர்வை இல்லை. மிளகளவு எரிபொருள் உருண்டையை லேசர் ஆற்றலைக் கொண்டு எல்லாப் பக்கமும் நொடியில் நெருக்குகிறார்கள். 2022 டிசம்பர் 5ஆம் நாள், 2.05 மெகாஜூல் லேசர் ஆற்றல் செலுத்தி 3.15 மெகாஜூல் பெற்றார்கள். இட்டதைவிட மிகுதியாகப் பெற்றது மனித வரலாற்றில் அன்றுதான் முதன்முறை. பெற்றது ஒரு யூனிட்டுக்கும் குறைவு. அந்த லேசர்களை இயக்க மின் இணைப்பிலிருந்து இழுத்தது ஏறத்தாழ 80 யூனிட்!

நீடிக்கும் காலத்திலும் முன்னேற்றம் உண்டு. 2025 சனவரியில் சீனக் கருவியொன்று பிளாஸ்மாவை 1,066 நொடிகள் நிலைநிறுத்தியது. அடுத்த மாதமே பிரான்சில் 1,337 நொடிகள், அதாவது இருபத்திரண்டு நிமிடம். அவற்றில் டிரிட்டியம் எரியவில்லை என்பது வேறு.

நான் மிகவும் கவலைப்பட்டுப் படித்தது இந்த டிரிட்டியத்தைப் பற்றித்தான். டியூட்டீரியம் கடலில் தாராளமாக இருக்கிறது. தூத்துக்குடியில் 1978இல் தொடங்கிய கனநீர் ஆலை பல ஆண்டுகள் டியூட்டீரியம் மிகுந்த நீரைத் தயாரித்தது. அதைக் கடல் நீரிலிருந்து நேரே எடுக்கவில்லை, உரத் தொழிற்சாலையின் வாயுவிலிருந்து எடுத்தார்கள் என்பதையும் 1986இல் நான் மாணவர்களுக்குச் சொல்லத் தவறிவிட்டேன். டிரிட்டியமோ இயற்கையில் இல்லை என்றே சொல்லிவிடலாம். பன்னிரண்டு ஆண்டுகளில் பாதி தேய்ந்துபோகும். கனநீர் உலைகளில் துணைப் பொருளாகக் கிடைப்பதைச் சேர்த்து வைத்தாலும் உலகக் கையிருப்பு சில பத்துக் கிலோகிராம்தான். ஆயிரம் மெகாவாட் வெப்பம் தரும் இணைவு உலை ஒன்றே ஆண்டுக்கு 55 கிலோ தின்றுவிடும்.

கரிசல் காட்டில் விதைக் கம்பு என்றால் என்னவென்று எல்லாருக்கும் தெரியும். எத்தனை பசி வந்தாலும் குலுக்கையின் அடியில் கிடக்கும் விதையில் கை வைக்கமாட்டார்கள். அடுத்த ஆண்டு விதைக்க எடுத்ததை அறுவடையில் திரும்ப வைக்க வேண்டும். சற்றுக் கூட்டியும் வைக்க வேண்டும், ஏனெனில் எலி தின்பது உண்டு. டிரிட்டியமும் அப்படித்தான். இணைவில் பிறக்கும் ஆற்றலில் ஐந்தில் நான்கு பங்கை நியூட்ரான் சுமந்து வெளியே ஓடுகிறது. அந்த நியூட்ரானை லித்தியத்தின் மேல் மோதவிட்டால் புது டிரிட்டியம் பிறக்கும். எரிந்த ஒவ்வொரு டிரிட்டியத்துக்கும் ஒன்றுக்குச் சற்று மேலாகத் திரும்பக் கிடைக்குமானால் குலுக்கை நிறையும். கிடைக்காவிட்டால், கடல் நிறைய டியூட்டீரியம் இருந்தும் அடுப்பு அணையும். இந்த விளைச்சலை ஓர் உலையின் அளவில் இதுவரை எவரும் மெய்ப்பித்துக் காட்டவில்லை. இன்று தனியார் நிறுவனங்கள் பல, 2030களிலேயே மின்சாரம் தருவோம் என்று முதலீடு திரட்டுகின்றன. அவர்களை நான் இகழவில்லை. ஆனால் விதை எங்கே என்று கேட்க விரும்புகிறேன்.

அதே நியூட்ரான் உலையின் சுவரையும் ஓயாமல் தாக்கி நைந்துபோகச் செய்யும். அதைத் தாங்குவதற்கென்று தனி எஃகு வேண்டும். நம் கல்பாக்கத்து ஆய்வாளர்கள் காந்திநகர் நிறுவனத்தோடு சேர்ந்து அத்தகைய எஃகு ஒன்றை உருவாக்கியிருக்கிறார்கள். கடற்கரையில் இருந்துகொண்டு இரும்பின் இயல்பை ஆராயும் இப்பணி செய்தித்தாளின் முதற்பக்கத்தில் வராது. உலை என்றாவது நின்று எரியுமானால் இவ்வெஃகு போன்றவற்றால்தான் எரியும்.

இதற்கிடையில் எங்கள் பக்கத்திலேயே இணைவு ஆற்றல் வந்துவிட்டது என்றால் நேயர்கள் நம்புவார்களா? திருச்சுழிக்குத் தென்கிழக்கே கமுதியில், 2016ஆம் ஆண்டு, 2,500 ஏக்கர் பரப்பில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் அமைந்தது. பதினைந்து கோடி கிலோமீட்டருக்கு அப்பால் எரியும் அந்தப் பழைய அடுப்பின் ஒளியைக் கண்ணாடித் தகடுகள் மின்சாரமாக்குகின்றன. எங்களை வாட்டிய வெயிலே விளைபொருளாயிற்று. என் மாணவரின் கிணற்று மோட்டார் இன்று எதனால் ஓடுகிறதோ, அதில் சூரியனின் பங்கும் இருக்கலாம். அப்படிப் பார்த்தால் என் வாக்கு பத்தாண்டு தாமதத்தில் பலித்துவிட்டது என்று சாமர்த்தியமாகச் சொல்லித் தப்பலாம். அவ்வாறு தப்ப எனக்கு மனமில்லை. சூரியத் தகடு இரவில் தூங்கிவிடும். ஐப்பசி மூடாப்பில் சோம்பும். நெசவாலையும் உருக்காலையும் இரவில் ஓட வேண்டும். மின்கலங்களின் விலை குறைந்து வருகிறது. அது எவ்வளவு தூரம் போகும் என்பதைப் பொறுத்தே இணைவு உலைக்கு நாளை இடம் உண்டா இல்லையா என்பதும் தீரும். கடல் நீர் இலவசந்தான். அடுப்பின் விலை கொள்ளை விலை. மலிவான மின்சாரம் என்று 1986இல் நான் சொன்ன சொல்லையும் இங்கே திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். மோட்டாருக்கு இன்று தகடு கிடைக்கும்போது, கடல் மின்சாரம் வரட்டும் என்று எந்த ஊரும் காத்திருக்கத் தேவையில்லை.

ஆனால் அந்தப் பெண் காத்திருக்கலாமா என்பதல்லவா கேள்வி?

காந்திநகர் ஆய்வாளர்கள் 2025இல் வெளியிட்ட ஒரு திட்ட வரைவு, நம் நாட்டில் முழு அளவிலான மாதிரி உலைக்கு 2060ஆம் ஆண்டைக் குறிக்கிறது. அவ்வாண்டில் அவளுக்கு வயது ஐம்பத்தைந்து இருக்கும். இன்று அவளுடைய தகப்பனாரின் வயது. இந்தக் கணக்கைப் போட்டு முடித்தபோது எனக்கு உறக்கம் வரவில்லை. ஒரு தலைமுறைக்குப் பொய்க் கெடு சொன்னவன், இன்னொரு தலைமுறைக்கு என்ன சொல்வது?

தவணை முடிந்ததும் அவர்கள் வீட்டுக்குப் போனேன். பெண்ணும் விடுமுறைக்கு வந்திருந்தாள். தாயார் மோர் கொடுத்தார். நான் ஆண்டு எதையும் சொல்லவில்லை. சொல்லமாட்டேன் என்பதையும் சொன்னேன். எடுத்துக்கொண்டு போன காகிதத்தைப் பிரித்து, இதுவரை ஆனவை ஒரு பக்கமும் ஆகாதவை ஒரு பக்கமுமாக எழுதியிருந்ததைப் படித்தேன். ஆகாத பக்கம் நீளமாக இருந்தது. "அம்மா, நீ போனால் இந்த நீளமான பக்கத்தில் ஏதேனும் ஒரு வரியில் போய் உட்காருவாய். உன் ஆயுளில் அந்த ஒரு வரி அடித்து முடிக்கப்பட்டால் அது பெரிது. ஊருக்கு விளக்கு எரிவதை நீ பார்க்கலாம், பார்க்காமலும் போகலாம். அதற்குச் சம்மதமானால் போ, விளக்குக்காக மட்டும் போவதானால் போகாதே" என்றேன். தகப்பனார் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் காகிதத்தை வாங்கி நெடுநேரம் பார்த்தாள். பிறகு விரலை ஒரு வரியின் மேல் வைத்தாள். "தாத்தா, லித்தியத்தில் பிறக்கிற டிரிட்டியத்தை உலை ஓடிக்கொண்டிருக்கும்போதே எப்படி வெளியே எடுப்பார்கள்? அது எஃகுக்குள்ளேயே ஊறிப்போய்விடாதா?" என்று கேட்டாள்.

எனக்கு விடை தெரியவில்லை. தெரியாது என்று சொன்னேன். அவள் அந்த வரிக்கு எதிரே பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டுக் காகிதத்தை மடித்துத் தன் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டாள். அதற்குள் கண்மாய்ப் பக்கமிருந்து யாரோ குரல் கொடுத்தார்கள். மூட்டத்தின் வடபுறம் மண் விண்டிருக்கிறதாம். தகப்பனார் மண் வெட்டியை எடுத்துக்கொண்டு ஓடினார். நானும் அவளும் ஆளுக்கொரு வாளித் தண்ணீரோடு பின்னால் போனோம்.